ஒப்புதல் பெற்ற குப்பை

கனகசெட்டிக்குளத்தில் இருந்த தன் நிலத்தில் யாரோ ஒரு வண்டி குப்பையைக் கொட்டிவிட்டுப் போனபோது, அந்துவான் ஒரே ஒரு தவறுதான் செய்தார். அதை அரசாங்கத்திடம் சொன்னார்.

தொண்ணூறு குழி நிலம். மனைவி சபின் வழியில் வந்தது. அந்துவான் பிரெஞ்சு ராணுவத்தில் இருபத்தாறு வருஷம் சமையல் பிரிவில் இருந்துவிட்டு, ஓய்வு பெற்று, புதுச்சேரி டவுனில் வந்து உட்கார்ந்தவர். நிலத்தைப் பார்த்துக்கொண்டு பயிர் வைப்பதெல்லாம் அந்த ஊர் ராஜாம்பாள்தான். கத்தரி, கீரை, வரப்போரம் கனகாம்பரம். நடுவில் ஒரு கிணறு. கடல் அலை காதில் விழுகிற தூரம், ஆனாலும் அந்தத் தண்ணீர் உப்புக் கரிக்காது. ராஜாம்பாளின் பயிருக்கும் அதுதான், பக்கத்தில் நாலு வீட்டு அடுப்புக்கும் அதுதான்.

அன்று காலை ராஜாம்பாள் போன் செய்தாள். அந்துவான் அவளுக்கு 'முசே'; பிரெஞ்சில் ஐயா. "முசே, எவனோ டிராக்டர் வச்சி கொட்டிட்டுப் போயிருக்கான். எளநி மட்ட, பீர் பாட்டிலு, மண்டபத்து எச்ச எல. கெணத்துலேர்ந்து பத்தடி கூட இல்ல. மழைக்கு முன்னாடி அள்ளிடணும் முசே. இல்லேன்னா அத்தனையும் கெணத்துல எறங்கிடும்."

இரண்டு பொம்பளைகளைக் கூட்டிக்கொண்டு தானே அள்ளிவிடுவதாகவும் சொன்னாள். அந்துவான் வேண்டாம் என்றார். எதற்கும் ஒரு முறை இருக்கிறது, முறைப்படி போனால் கொட்டினவனையே வைத்து அள்ளவைக்கலாம் என்றார். பேருந்து நிலையத்துச் சுவரில் ஒரு சுவரொட்டி பார்த்திருந்தார். உங்கள் நிலத்தில் பிறர் குப்பையா, கவலை வேண்டாம், எங்களிடம் சொல்லுங்கள் என்று போட்டு, கீழே ஓர் அதிகாரி சிரித்துக்கொண்டிருந்தார்.

"போஸ்டர்ல சிரிக்கிற ஆளுக்கு வேல செய்ய ஏது நேரம்?" என்றாள் சபின். அந்துவான் அதற்குள் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பியிருந்தார்.

தனியார் ஊரக நிலத் தூய்மைக் காப்பு இயக்ககம் டவுனில் பழைய மஞ்சள் கட்டடம் ஒன்றில் இருந்தது. பெயர்ப் பலகை வாசலுக்குள் அடங்காமல் சுவர் முனையில் மடங்கி அடுத்த தெருவுக்குள் கொஞ்சம் போயிருந்தது. ஊழியர்கள் பத்தொன்பது பேர். துடைப்பம் ஒன்றும் இல்லை. அது வேறு துறை.

எழுத்தர் ராஜாங்கம் மரியாதையானவர். அந்துவானை உட்காரவைத்து, படிவத்தை எடுத்து, குப்பை யாருடையது என்று கேட்டார்.

தெரியாது என்றார் அந்துவான். அதைக் கண்டுபிடிக்கத்தானே வந்திருக்கிறேன் என்றார்.

"உங்க நெலத்துல இருக்கு. உங்களுக்கே தெரியலன்னா எங்களுக்கு எப்படி சார் தெரியும்?"

படிவத்தில் கொட்டியவர் பெயர், தகப்பனார் பெயர், நிரந்தர முகவரி, அண்மையில் எடுத்த புகைப்படம் இரண்டு என்று கேட்டிருந்தது. கொட்டியவரின் கையொப்பத்துக்கும் ஒரு கட்டம் இருந்தது. அந்த ஐந்தையும் காலியாக விடலாம், ஆனால் விட்டால் புகார் 'கொட்டியவர் இல்லாத குப்பை' என்ற தலைப்பில் போகும், அந்தத் தலைப்புக்கு இன்னும் கோப்பு அட்டை வரவில்லை என்று ராஜாங்கம் விளக்கினார்.

அப்புறம் பூர்விகம். கனகசெட்டிக்குளத்தைத் தாண்டினால் தமிழ்நாடு. குப்பை அங்கிருந்து வந்திருந்தால் அது வெளிமாநிலக் குப்பை. வெளிமாநிலக் குப்பையை அள்ளினால் இரண்டு அரசாங்கங்களுக்கு நடுவே மனக்கசப்பு வரும். ஆகவே குப்பைக்குக் குடியிருப்புச் சான்று வேண்டும்.

"குப்பைக்கா?" என்றார் அந்துவான்.

"அஞ்சு வருஷம் தொடர்ந்து இங்கயே இருந்திருக்கணும் சார். மனுஷனுக்கும் அதான் ரூல்."

"நேத்து கொட்டினதுப்பா."

"அப்ப இன்னும் நாலு வருஷம் பதினொரு மாசம் இருக்கு" என்று ராஜாங்கம் கணக்குப் போட்டுச் சொன்னார். அதுவரை பொறுக்க முடியாது என்றால் நேரடி ஆய்வு கேட்டு மனுக் கொடுக்கலாம் என்றும், அதற்குள் யாரும் குப்பையைத் தொடக் கூடாது என்றும் சொன்னார். புகார் பதிவாகிவிட்டது. இனி அது குப்பை இல்லை, சாட்சியம். சாட்சியத்தைக் கலைத்தால் மூன்று மாதம்.

அந்துவான் இதைப் போனில் சொன்னபோது ராஜாம்பாள் ஏற்கெனவே நாலு கூடை அள்ளியிருந்தாள். நாலு கூடையையும் திரும்பக் கொட்டச் சொன்னார். அவள் கொட்டினாள். கொட்டும்போது என்ன சொன்னாள் என்பதை அந்துவான் சபினிடம் சொல்லவில்லை.

மனுக் கொடுத்த பதினாறாம் நாள் ஆய்வுக் குழு வந்தது. இரண்டு ஜீப்பில் ஏழு பேர். ஒருவர் குப்பையின் நீளத்தை அளந்தார், ஒருவர் அகலத்தை அளந்தார், ஒருவர் அளந்தவர்களைப் படம் எடுத்தார். மற்ற நால்வர் கிணற்று மேட்டில் உட்கார்ந்து, இரண்டு வாளி தண்ணீர் சேந்தச் சொல்லிக் குடித்து, முகம் கழுவி, இந்தக் காலத்தில் இப்படி ஒரு தண்ணீரா என்று பாராட்டினார்கள். சாப்பாட்டுப் பொட்டலமும் காகித டம்ளரும் எங்கே போடுவது என்று சுற்றிப் பார்த்து, ஏற்கெனவே ஒரு குவியல் இருந்தபடியால் அதிலேயே போட்டார்கள். நீளம் மாறிவிட்டது. முதலாமவர் மறுபடி அளந்தார்.

ஆய்வு முடிந்த பத்தாம் நாள் பதிவுத் தபாலில் அந்துவானுக்கு அறிவிப்பு வந்தது. தங்கள் நிலத்தில் ஆறு மீட்டர் நீளத்துக்குக் கழிவுப் பொருள் இருப்பு வைக்கப்பட்டுள்ளது, இது சம்பந்தமாகத் தங்கள் நிலைப்பாடு என்ன, இணைப்புப் படியில் கையொப்பமிட்டுத் திருப்பி அனுப்பவும்.

இந்த இடத்தில் பிரெஞ்சுக் குடியுரிமைக் குடும்பங்களின் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். அவர்கள் எந்தக் காகிதத்திலும் வெறும் கையெழுத்துப் போட மாட்டார்கள். அதற்கு மேலே 'லூ எ அப்ரூவே' என்று தங்கள் கையாலேயே எழுதி, அப்புறம்தான் போடுவார்கள். படித்தேன், ஒப்புக்கொண்டேன் என்று இரண்டு வார்த்தை; நடுவிலுள்ள 'எ' வெறும் 'உம்'. பட்டாளத்தில், வங்கியில், தூதரகத்தில் அதில்லாமல் காகிதம் நகராது. அந்துவானுக்கு அது கையிலேயே ஊறிவிட்டது. கூரியர்காரனிடம் பொட்டலம் வாங்கினாலும் எழுதுவார். பேத்தியின் மதிப்பெண் அட்டையிலும் எழுதியிருக்கிறார், அவள் கணக்கில் முப்பத்தொன்று வாங்கிய வருஷம்.

அறிவிப்பின் இணைப்புப் படியிலும் எழுதி, கையெழுத்துப் போட்டு, அன்றே தபாலில் சேர்த்தார்.

ராஜாங்கத்துக்கு அந்த இரண்டு வார்த்தை புரியவில்லை. புரியாததை மேலே அனுப்புவது முறை. மேலே இருந்தவர் வேறொரு துறையில் இருந்த பிரெஞ்சு மொழிபெயர்ப்பாளருக்கு அனுப்பினார். அந்த மனிதருக்குப் பதினோரு வருஷமாக வேலை வந்ததில்லை. அவர் அகராதி மூன்றைப் புரட்டி, மூன்று பக்கத்துக்கு மொழிபெயர்த்து, இரண்டு முத்திரை குத்திக் கொடுத்தார். சாரம் இதுதான்: நில உரிமையாளர் மேற்படி கழிவு இருப்பு குறித்துப் படித்தறிந்து, முழு மனதுடன் ஒப்புதல் அளித்துள்ளார்.

காகிதம் இணை இயக்குநர் கமலக்கண்ணனிடம் போயிற்று. சுவரொட்டியில் சிரித்தவர் அவர்தான். அந்துவானை நேரில் வரச் சொன்னார். வந்தவரைக் கட்டிப்பிடித்தார்.

"அறுவத்திரண்டு புகார் சார்" என்றார். "அறுவத்திரண்டு பேரும் எடு எடு எடுன்னுதான் நிக்கறான். எங்க கொண்டுபோய் வைக்கிறதுன்னு ஒருத்தனாவது யோசிச்சானா? நீங்க ஒருத்தர்தான் எழுத்துபூர்வமா ஒப்புதல் குடுத்திருக்கீங்க."

அந்துவானுக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியதும் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். அது ஒப்புதல் இல்லை, நாங்கள் கையெழுத்துப் போடுகிற விதமே அப்படித்தான் என்று மன்றாடினார்.

கமலக்கண்ணன் பொறுமையாகக் கேட்டார். "அறிவிப்பப் படிச்சீங்களா?"

"படிச்சேன்."

"அப்ப மொத வார்த்த உண்மை. ஒப்புக்கிட்டீங்களா?"

"இல்ல."

"அப்ப ரெண்டாவது வார்த்த பொய். அரசாங்கத்துக்குப் பொய்யா எழுதிக் குடுத்தேன்னு ஒரு லெட்டர் குடுங்க, வாபஸ் வாங்கிக்கலாம். கேஸ் மட்டும் ஆவும். பென்ஷன் வாங்கற மனுஷன். யோசிச்சுச் செய்யுங்க."

அந்துவான் யோசித்தார். பொய் என்ற வார்த்தை இல்லாமல், மூன்று நாள் உட்கார்ந்து, ஒரு மறுப்புக் கடிதம் எழுதினார். ஒப்புதல் தரவில்லை, தரவும் மாட்டேன், குப்பையை உடனே அகற்றுங்கள், மழை வருகிறது, கிணறு கெட்டுப்போகும். நல்ல கடிதம். சபினே படித்துவிட்டு நல்லா இருக்கு என்றாள். அவர் அதை இயக்ககத்தில் கொடுத்து, எதிரிலேயே கையெழுத்துப் போட்டார்.

கமலக்கண்ணன் கடிதத்தைக் கீழிருந்து படித்தார். கையெழுத்துக்கு மேலே அந்த இரண்டு வார்த்தையும் இருந்தன.

"ரெண்டாந் தடவையும் ஒப்புதல் குடுத்திருக்கீங்களே சார்" என்றார்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது சபின் தலையில் அடித்துக்கொள்ளவில்லை. சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டினாள்.

அடுத்த வாரம் நிலத்து வாசலில் பலகை நட்டார்கள். ஒப்புதல் பெற்ற ஊரகக் கழிவுச் சேர்ப்பிடம், எண் ஒன்று. அதுவரை டிராக்டரில் திருட்டுத்தனமாக வந்த குப்பை இப்போது லாரியில், ரசீதோடு, ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது. கத்தரிப் பாத்தி இரண்டு நாளில் போயிற்று. கீரை ஒரே நாளில். கனகாம்பரத்தின் மேல் ஒரு பழைய சோபா விழுந்தது.

மூன்றாம் நாள் வந்த லாரி பின்பக்கமாகக் கிணற்றை நோக்கி நகர்ந்தது. ராஜாம்பாள் ஓடிப்போய்க் கிணற்று மேட்டில் உட்கார்ந்தாள். டிரைவர் இறங்கி வந்து தன் கையிலிருந்த தாளைக் காட்டினான். ஆய்வுப் படிவத்தின் நகல். கட்டடம் இல்லை, மரம் நான்கு, பள்ளம் ஒன்று, ஆழம் முப்பத்திரண்டு அடி, இதர பொருள்கள்: கயிறு ஒன்று, வாளி ஒன்று. பள்ளத்துக்கு எதிரே 'கொள்ளளவு முழுதும் மீதம்' என்று போட்டிருந்தது.

"அக்கா, எங்கிட்ட பள்ளம்னுதான் குடுத்திருக்காங்க" என்றான்.

ராஜாம்பாள் ஒரு வாளி சேந்தி அவனிடம் நீட்டினாள். வெயிலில் வந்தவன். வாளியைத் தூக்கி அண்ணாந்து குடித்தான், மீதியைத் தலையில் ஊற்றிக்கொண்டான், தாளை மடித்துப் பையில் வைத்தான், லாரியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான்.

மறுநாள் கமலக்கண்ணனே வந்தார். அந்துவானும் இருந்தார். படிவத்தில் கிணற்றுக்குக் கட்டம் இல்லை என்பதைக் கமலக்கண்ணன் ஒளிவு மறைவின்றி ஒத்துக்கொண்டார். படிவத்தைத் தயாரித்த குழுவில் ஆறு மாதம் இருந்தவர் அவர். ஆறு மாதமும் எல்லாருக்கும் பாட்டில் தண்ணீர் வந்துகொண்டிருந்ததால் கிணறு என்ற ஒன்று யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

"உங்க ஆளுங்க நாலு பேரு இதுலதான் தண்ணி குடிச்சாங்க" என்றாள் ராஜாம்பாள். "பள்ளத்துலயா குடிச்சாங்க?"

"அது அவங்க தனிப்பட்ட முறைல குடிச்சதுமா. ரெக்கார்டுல ஏறாது."

"அப்ப ஏறாத எடத்துலயே நா குந்திக்கிறேன். லாரிய ஏத்துங்க."

கிணறு என்று திருத்த வேண்டுமானால் தண்ணீர்ப் பரிசோதனைச் சான்று வேண்டும் என்றார் கமலக்கண்ணன். அந்துவான் அன்றே தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு ஓடினார். தண்ணீரை வாங்கிக்கொண்டார்கள். எங்கே எடுத்தது என்று கேட்டார்கள். கிணற்றில் என்றார். அரசு ஆவணப்படி அந்த நிலத்தில் கிணறு இல்லையே என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

ராஜாம்பாள் ஐந்து நாள் கிணற்று மேட்டிலேயே உட்கார்ந்தாள். சோற்றை அங்கேயே கொண்டுவரச் சொன்னாள். பக்கத்து நாலு வீட்டுப் பெண்களும் மாறி மாறி வந்து கூட உட்கார்ந்தார்கள். இயக்ககத்தின் தினசரி அறிக்கையில் 'பள்ளத்தின் மேல் தற்காலிக இடையூறு' என்று ஒரு புதிய வரி சேர்ந்தது. முதல் நாள் ஒன்று, இரண்டாம் நாள் மூன்று, ஐந்தாம் நாள் ஐந்து.

ஆறாம் நாள் ராஜாங்கத்திடமிருந்து கடிதம் வந்தது. கிணற்றை விட்டுவிட முடிவாகியிருக்கிறது, ஆனால் அந்தத் தண்ணீரை எடுக்கிறவர்கள் எல்லாரும் நேரில் வந்து பயனாளிகளாகப் பதிந்துகொள்ள வேண்டும், ஒருவர் குறைந்தாலும் பதிவு செல்லாது. ராஜாம்பாளுக்கு முதலில் நம்பிக்கை வரவில்லை. அந்துவான்தான், எழுதிக் கொடுத்திருக்கிறார்களே, காகிதம் இருக்கிறதே என்றார். அவரே வந்து ஐந்து பெண்களையும் காலை பஸ்ஸில் டவுனுக்குக் கூட்டிப்போனார்.

டோக்கன் கொடுத்தார்கள். பெஞ்சில் உட்காரவைத்து டீ கொடுத்தார்கள். பன்னிரண்டு மணிக்குப் பெயர் எழுதினார்கள், இரண்டு மணிக்குக் கைரேகை எடுத்தார்கள். மூன்று மணிக்கு ராஜாங்கம் ராஜாம்பாளைக் கூப்பிட்டு, சேர்ப்பிடத்தால் நீங்கள் அடைந்த பயன் என்ன என்று கேட்டார். ஒரு மயிரும் இல்லை என்றாள். கட்டத்தைக் காலியாக விடக் கூடாது என்பதால் அவர் 'மன நிறைவு' என்று எழுதிக்கொண்டார். எழுதும்போது அவளைப் பார்க்கவில்லை.

அந்துவானுக்கு அப்போது ஏதோ உறைத்தது. சபினுக்குப் போன் போட்டு, உடனே ஓர் ஆட்டோ வைத்துக்கொண்டு கனகசெட்டிக்குளம் போய்ப் பார் என்றார். முக்கால் மணி நேரம் கழித்து சபின் திரும்பக் கூப்பிட்டாள்.

"கூட்டிக்கிட்டு வராத" என்றாள். "அந்தப் பொம்பளய இப்ப கூட்டிக்கிட்டு வராத."

கூட்டிக்கொண்டுதான் வர வேண்டியிருந்தது. பதினான்கு லோடு. கிணற்றின் கைப்பிடிச் சுவர் மட்டும் ஒரு சாண் தெரிந்தது, அதற்கு மேல் மேடு. வேலை சுத்தமாக நடந்திருந்தது. கயிற்றை அழகாகச் சுருட்டி, வாளியைக் கவிழ்த்து, ஓரமாக வைத்திருந்தார்கள். படிவத்தில் அவை இதர பொருள்கள். கழிவு அல்ல.

ராஜாம்பாள் அழவில்லை. வாளியை நிமிர்த்திப் பார்த்தாள். அடியில் கொஞ்சம் தண்ணீர் ஒட்டியிருந்தது. அன்று சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது.

மழை விட்டதும் நிலத்திலேயே விழா. சேர்ப்பிடம் எண் ஒன்றின் வெற்றி விழா. பந்தல், ஒலிபெருக்கி, வரவேற்பு வளைவில் படமாகக் கமலக்கண்ணன் சிரித்துக்கொண்டிருந்தார். அந்துவானுக்கு முன் வரிசையில் நாற்காலி. சபின் வர மறுத்துவிட்டாள். ராஜாம்பாளுக்குப் பயனாளி என்று மேடையிலேயே நாற்காலி போட்டு, ஒரு சால்வை போர்த்தி, கையில் ஒரு பாட்டில் தண்ணீர் கொடுத்தார்கள்.

கமலக்கண்ணன் பேசினார்.

"அன்பார்ந்த பெரியோர்களே, தனியார் நிலத்தில் சட்டவிரோதமாகக் குப்பை கொட்டுவதை ஒழிப்பதே எங்கள் இலட்சியம். சிலர் இதைத் தவறாகப் புரிந்துகொண்டு, குப்பை கொட்டுவதையே ஒழிக்கச் சொல்கிறார்கள். அது எங்கள் வேலை அல்ல. சட்டவிரோதம் என்ற ஒரு சொல்தான் பிரச்சினை. அந்தச் சொல்லை நாங்கள் அகற்றிவிட்டோம். இன்று இந்த நிலத்தில் நீங்கள் பார்க்கும் ஒவ்வொரு பொருளும் முறைப்படி வந்தது. இங்கிருந்து கடந்த ஒரு மாதமாக ஒரு புகாரும் இல்லை. புகார் கொடுக்க வேண்டியவர்கள் எல்லாரும் எங்கள் பயனாளிகள் ஆகிவிட்டார்கள். இங்கே ஒரு கிணறு இருந்ததாக ஒரு வதந்தி உலவுகிறது. நண்பர்களே, இருந்தால் காட்டட்டும்."

எல்லாரும் கை தட்டினார்கள். ராஜாம்பாள் பாட்டிலைத் திறந்து மளமளவென்று முழுவதையும் குடித்தாள். எழுந்து போய், பேசி முடித்து நின்ற கமலக்கண்ணனின் கையில் காலிப் பாட்டிலைக் கொடுத்தாள். படம் எடுத்துக்கொண்டிருந்ததால் அவர் சிரித்தபடியே வாங்கிக்கொண்டார்.

"இத எங்க சார் போடறது?" என்றாள்.

அவர் மேடையைப் பார்த்தார். தொட்டி எதுவும் இல்லை. ராஜாங்கத்தைப் பார்த்தார். ராஜாங்கம் தரையைப் பார்த்தார். பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டே கமலக்கண்ணன் நன்றியுரை கேட்டார், நாட்டுப்பண்ணுக்கு நின்றார். முடிந்ததும் கீழே இறங்கி, கிணறு இருந்த மேட்டுக்குப் போய், அதன் உச்சியில் பாட்டிலை வைத்தார். அது உருண்டு வந்து அவர் செருப்பில் இடித்தது. எடுத்துக் கொஞ்சம் கீழே, ஒரு சோபாக் காலுக்கும் இளநீர் மட்டைக்கும் நடுவில் சொருகினார். அங்கிருந்தும் வழுக்கி வந்தது.

ராஜாம்பாள் சால்வையை மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றாள்.

"நல்லா அழுத்தி வைங்க சார்" என்றாள். "கீழ முப்பத்திரண்டு அடி இருக்கு. தேடிப் பாருங்க, எங்கயாவது எடம் இருக்கும்."

கமலக்கண்ணன் மூன்றாவது முறையாகக் குனிந்தார்.